கடைசிப் பெட்டி

2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரை மணி. திருவான்மியூர் சிக்னலில் ஏட்டையா ஒருவர் கையைக் காட்டி எங்கள் ஒன்பது பேரையும் ஓரங்கட்டினார். ஒன்பது சைக்கிள், ஒன்பது ஹெல்மெட், தொடையோடு ஒட்டிய ஒன்பது கறுப்பு நிஜார். டார்ச்சை முகத்தில் அடித்துவிட்டு மெல்லக் கீழே இறக்கினார். நிஜார் வந்ததும் அது நின்றுவிட்டது.

"எங்க?"

"மகாபலிபுரம் சார்."

"அங்க என்ன வேலை?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார். போயிட்டுத் திரும்பி வரணும்."

சர்வீசில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருப்பார். இது உண்மையாக இருப்பதுதான் அவரைக் குழப்பியது. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பஸ்ஸு இருக்கேப்பா" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

இப்போது அதே சிக்னலில் அதே நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகும். யாரும் நிறுத்துவதில்லை. போன மாதம் ஒரு போலீஸ்காரர் என்னை மட்டும் கைகாட்டி நிறுத்தினார். எனக்குப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. "சார், பையன் கார்பன் ஃபிரேம்தான் வேணும்ங்கிறான். அலுமினியம் பத்தாதா?" என்று கேட்டார்.

அப்போது எங்கள் கிளப்புக்குப் பெயர் கிடையாது. கிளப் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, "நம்ம ஆளுங்க" என்போம். இப்போது பெயர், சின்னம், ஜெர்சி எல்லாம் உண்டு. ஜெர்சியின் நீலம் எந்த நீலம் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டியும் உண்டு. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சின்னத்தையும் போடச் சொல்வார்கள்.

டிரயத்லான் என்றால் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, இடையில் கடிகாரத்தை நிறுத்தாமல் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். எல்லாவற்றிலும் பெரிய ஆட்டமான அயர்ன்மேனில் 3.8, 180, 42.2. இதை ஊரில் பெரியப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த மூணுல உனக்கு எது நல்லா வரும்?" என்றார். எதுவும் வராது என்றேன். "அப்ப ஒண்ணோட நிறுத்திக்கலாமே, கண்ணு." பின்னாளில் டெகத்லான் என்ற பெயரில் விளையாட்டுச் சாமான் கடை ஊருக்கு ஊர் வந்தபோது, நான் ஞாயிறுதோறும் போவது அந்தக் கடைக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு. வங்கியில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில்தான் சேர்ந்தேன். ராசிபுரம் பக்கத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புருடை கட்டி மாமா தள்ளிவிட்டுப் படித்த நீச்சல். 1994-ல், பன்னிரண்டு வயதில், குற்றாலீசுவரன் பாக் நீரிணையைக் கடந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "நம்ம கெணத்துப் பக்கம் வந்தா தெரியும்" என்று பேசியவர்கள் நாங்கள்.

நீச்சல் குளத்தில் முதல் நாள். குதித்தேன், தலையை நிமிர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தபடி கிளம்பினேன். எங்கள் கிணறு நாற்பதடி. நாற்பதடியில் சுவர் வரும், படிக்கட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் உடம்புக்கு மனப்பாடம். குளமோ 25 மீட்டர். நாற்பதடியில் கையை நீட்டினேன். சுவர் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கடப்பாரை நீச்சல் என்பார்கள். மேலே இழுத்துப் போட்ட பயிற்சியாளர் பல்கலைக்கழக அணியில் நீந்தியவர். எனக்கு மூச்சு வந்ததும், "நீங்க பண்ணது நீச்சல் இல்ல சார், பொழச்சுக்கிறது" என்றார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவதற்கே நாலு மாதம் ஆனது.

இப்போது சேர்கிறவர்களுக்கு அந்த அவமானம் கிடைப்பதில்லை. தண்ணீருக்கடியில் கேமரா வைத்துக் கையின் கோணத்தைப் படமெடுத்துக் காட்டுகிறார்கள். மூழ்குவது தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் நிஜாருக்கு அடியில் ஜட்டி போடக்கூடாது என்பது எங்களுக்கு எட்டு மாதம் தெரியாது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மரியாதைப்பட்ட மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்கிற கேள்வியா அது? எட்டு மாதமும் திங்கட்கிழமை காலைகளில் கௌண்டரில் நின்றபடியே வேலை பார்த்தேன். சுறுசுறுப்பான அதிகாரி என்று மேலாளர் பாராட்டினார். இன்றைக்குப் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாளே பதினாலு பக்கக் கையேடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இந்த விஷயம் மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருக்கிறது. அதை எழுதியது நான்தான்.

இனி கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களில் மூத்தவர், அப்போதே ஐம்பத்திரண்டு. சரக்கு ரயிலில் கார்டாக வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பியில் இரண்டடி நீள இரும்புப் பம்ப் ஒன்றைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருப்பார். சீட்டுக்கு அடியில் ஓர் அட்டை தொங்கும். அதில் 'எல்.வி.' என்று, அதாவது லாஸ்ட் வெஹிக்கிள், பெயிண்டால் எழுதியிருப்பார். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது அந்தப் பலகை கண்ணில் பட்டால்தான் முழு வண்டியும் வந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். படவில்லை என்றால் நடுவில் எங்கோ பெட்டி கழன்று நிற்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பழகியவர் சைக்கிளிலும் கடைசியில்தான் வருவார். மிதிக்கத் தெம்பில்லாமல் இல்லை. எங்களில் பாதிப் பேரை அவர் ஏறி மிதித்தால் தாண்டிவிடுவார். ஆனால் முன்னால் போனால் அவருக்கு முதுகு கூசும்.

கோவளம் தாண்டி ஒரு டீக்கடை. கார்டு வந்து சேரும்வரை யாரும் டீ சொல்லக்கூடாது என்பது சட்டம். அவர் வந்தால் எல்லாரும் வந்தாயிற்று. காலை ஊன்றி நின்று எண்ணுவார். ஒன்பது. "வண்டி முழுசு" என்பார். பிறகு டீ, பொறை, வெயில் ஏறியிருந்தால் இளநீர்.

இந்தக் கதையைப் புது ஆட்களிடம் சொல்லும்போது கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்வேன். குரல் தானாகத் தழையும். 'அந்தக் காலத்தில் நாங்கள் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை' என்று முடிப்பேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

உண்மை என்னவென்றால், பம்ப் அவரிடம் இருந்தது. பஞ்சர் ஒட்டுகிற சாமானும் அவரிடம்தான். ஒன்பது பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். காத்திருந்ததில் பாசம் கலந்திருக்கலாம். எத்தனை சதவீதம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அன்று கார்டுக்கு டூட்டி. எட்டுப் பேர் போனோம். திரும்பி வரும்போது முட்டுக்காடு பாலம் தாண்டி எல்ஐசிக்காரருக்கு டயர் போய்விட்டது. கடைசியில் வந்தவர் அவர்தான் என்பதால் யாரும் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். ஏழு பேருக்கும் மாறி மாறி போன் பண்ணியிருக்கிறார். ஏழு பேரும் வீடு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, போனை ஓசையில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். அவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வந்தார். யாருக்கும் பாலிசி போடச் சொன்னதில்லை. அதிலிருந்தே கோபம் புரிந்தது.

டீக்கடையில் எங்களுக்கு ஒரு புராணமும் இருந்தது. 1978 பிப்ரவரி, ஹவாயில் ஓவாஹூ தீவு. முந்தைய வருஷம் ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் முடிந்த பரிசளிப்பு விருந்தில், யாருக்கு உடம்பு கெட்டி, நீந்துகிறவனுக்கா ஓடுகிறவனுக்கா என்று வாக்குவாதம் வந்திருக்கிறது. சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸை விட்டுவிட்டீர்களே என்று ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி குறுக்கே விழுந்தார். தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்தால் தெரிந்துவிடுமே என்றார். அதுதான் முதல் அயர்ன்மேன். கிளம்பியது பதினைந்து பேர், முடித்தது பன்னிரண்டு பேர். ஜெயித்த கார்டன் ஹாலருக்குப் பிடித்த நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அவரவர் உதவியாளை அவரவரே கூட்டிவர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் ஆட்களிடம் நடுவழியில் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்தார்கள் என்பது அந்தப் புராணத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த சருக்கம். பல்லாயிரம் பேர் பல லட்சம் செலவழித்து ஓடுகிற ஆட்டத்தின் ஆதி, சாப்பாட்டு மேஜையில் வந்த ஒரு வீண் சண்டை என்பதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல். எங்கள் டீக்கடையிலும் அதே தரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சாலையிலும் பேச்சுதான். இரண்டிரண்டு பேராக ஒட்டிக்கொண்டு பேசியபடியே மிதிப்போம். வீட்டுக்கடன், மாமியார், பிள்ளையின் பள்ளிக்கூட அட்மிஷன், எந்த ஓட்டலில் பொங்கலுக்கு நெய் குறைத்துவிட்டார்கள் எல்லாம் வரும். தை மாதத்தில் தெற்கே போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும், பேச்சு இனிக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், பேச்சு சண்டையாகும்.

இப்போது கிளப்புக்குச் சம்பளம் வாங்கும் கோச் இருக்கிறார். நல்ல பையன், விஷயம் தெரிந்தவன். அவன் சொல்லும் முதல் மந்திரம் 'ஜோன் டூ'. பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாக இருக்க வேண்டும், இதயம் அதிகம் துடிக்கக் கூடாது, அப்போதுதான் உடம்பு கொழுப்பை எரித்து நெடுந்தூரத்துக்குப் பழகும். அது எந்த வேகம் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவரோடு திணறாமல் முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகம். அதற்காகத்தான் மணிக்கட்டில் கடிகாரம், மார்பில் பட்டை, மிதிகட்டையில் சக்தியை அளக்கும் கருவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது பேர் வரிசையாக, பேசக்கூடிய வேகத்தில் போகிறார்களா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் போகிறார்கள்.

நாங்கள் வருஷக்கணக்கில் ஜோன் டூவில்தான் இருந்திருக்கிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியார்களுக்கு நன்றி.

முதல் போட்டியைச் சொல்லாமல் விடக்கூடாது. சின்னப் போட்டிதான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தண்ணீரிலிருந்து ஏறி சைக்கிளை எடுக்கிற இடைவேளையை டிரான்சிஷன் என்கிறார்கள். தேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். நான் துண்டால் துவட்டி, பவுடர் போட்டு, காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தலை வாரினேன். பதினோரு நிமிடம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற கார்டு, "பொண்ணு பாக்கவா போற?" என்று கத்தினார். சைக்கிளை முடித்து வந்ததும் பசித்தது. வீட்டில் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை எலுமிச்சை ஊறுகாயோடு சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு ஓடினேன். முதல் கிலோமீட்டருக்குப் பிறகு தயிர்சாதம் தனியாக ஒரு போட்டியில் கலந்துகொண்டது.

இப்போது யாரும் சாப்பிடுவதில்லை, எரிபொருள் நிரப்புகிறார்கள். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து. பசை மாதிரி ஒன்றைப் பொட்டலத்திலிருந்து பிதுக்கி உறிஞ்சுகிறார்கள். ஒரு பொட்டலத்தின் விலைக்குக் கோவளத்தில் வயிறாரச் சாப்பிடலாம். வெல்லமும் கடலையும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் என்று நான் கோவில்பட்டி கடலைமிட்டாயை நீட்டினால், "ஃபேட் ஜாஸ்தி அங்கிள், ரைடுல டைஜஸ்ட் ஆகாது" என்கிறது ஓர் இருபத்தாறு வயது. சொன்னது சரிதான். அதனால்தான் எரிச்சல். அது 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று மட்டும் சொல்லிவிட்டு நானே தின்றேன்.

கடல் நீச்சல் இன்னும் மோசம். 2013-ல் நீலாங்கரைக் கரையில் ஆறு பேர் இறங்கத் தயாரானோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "தெண்டி வெள்ளம் போவுது. எறங்குனா வடக்கால தூக்கினு பூடும்" என்றார். எங்களில் இருவர் இன்ஜினியர்கள். அலை அமைதியாக இருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் மறுபடி வலையைப் பார்த்தார். கரைக்கு இணையாகக் கடல் ஓடும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு அந்த நீரோட்டம் கொண்டுவந்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே மணல் வராமல் ராயபுரம் அரித்தது என்று பள்ளியிலேயே படித்தோம். மணலைத் தூக்கியது நம்மையும் தூக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. கரையேறியபோது கொட்டிவாக்கம். காலில் செருப்பில்லை, இடுப்பில் கைக்குட்டை அளவு நீச்சல் ஜட்டி, மணி காலை ஏழரை. தெருத்தெருவாக வடக்கிலிருந்து தெற்கே ஆறு அதிகாரிகளும் நடந்தோம். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் தோளில் சொறிமீன் பட்ட தடிப்பு வேறு.

இன்றைக்குக் கடலில் இறங்குவதென்றால் இடுப்பில் ஆரஞ்சு மிதவை, இரண்டு கயாக், உயிர்காப்பாளர், கையெழுத்துப் போட்ட படிவம், அலையின் உயரம் சொல்லும் செயலி. எல்லாம் பார்த்து முடித்த பிறகு கோச் அதே மீனவரிடம் போய், "அண்ணே, எறங்கலாமா?" என்று கேட்கிறான். அவர் தலையாட்டினால்தான் இறங்குகிறோம். அப்போது இலவசமாகச் சொன்னார், கேட்கவில்லை. இப்போது படகுக்குக் காசு வாங்குகிறார், கேட்கிறோம்.

கிளப்பின் பத்தாவது ஆண்டு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். பொற்காலம் என்ற சொல்லை மூன்று தடவை பயன்படுத்தினேன். கீழே இறங்கியதும் பல் டாக்டர் மேடம் பக்கத்தில் வந்து நின்றார். தொடக்கத்தில் எங்களோடு இருந்த இரண்டே பெண்களில் ஒருவர்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்குப் பொற்காலம். எனக்கு, கெளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலத்துலேர்ந்து தண்ணி குடிக்காத காலம். எண்பது தொண்ணூறு கிலோமீட்டருக்கு நீங்கல்லாம் ரோட்டோரமா ஒதுங்கிப்பீங்க. நான் எங்க போறது? ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அவருக்கு அடிக்கடி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வலுவில்லை, இன்னும் பயிற்சி வேண்டும் என்று நாங்கள் அறிவுரை சொல்லியிருக்கிறோம். இப்போது கிளப்பில் பெண்கள் நாற்பது பேருக்கு மேல். வழியில் எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் கழிவறை சுத்தம் என்று அவர்கள் தயாரித்த பட்டியல் கையேட்டில் பத்தாம் பக்கம். கிளப்பில் எல்லாரும் உண்மையாகவே பயன்படுத்துகிற ஒரே பக்கம் அதுதான். அவ்வளவு உபயோகமான எதையும் நாங்கள் ஒன்பது பேர் பத்து வருஷத்தில் கண்டுபிடிக்கவில்லை.

2019 அக்டோபரில் கோவாவில் முதல்முறையாக 70.3 நடந்தது. அயர்ன்மேனில் பாதி: 1.9, 90, 21.1. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 8 மணி 19 நிமிடத்தில் முடித்தேன். மெடலை மாட்டிக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் என்ன பரிசு என்று கேட்டார். நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே மெடல் கொடுத்தார்கள் என்றேன். "அப்ப பரவால்ல, தூக்கிப் போடாத" என்றார். அதற்கடுத்த வருஷம் ஊரடங்கு. நீச்சல் குளங்கள் மூடின. மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி ஓடினோம். அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று.

கோவாவுக்கு நான் போன அதே வருஷம் கார்டு ஓய்வு பெற்று, பேத்தி இருக்கும் திருச்சிக்குப் போய்விட்டார். போகுமுன் பம்ப்பையும் எல்.வி. அட்டையையும் என்னிடம் கொடுத்தார். "நீதான் கொஞ்சம் கொஞ்சமா பின்னால வர ஆரம்பிச்சிருக்க" என்று காரணமும் சொன்னார். 2022 ஜனவரியில் ரயில்வே, கார்டு என்ற பதவியின் பெயரையே 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றியது. போன் பண்ணிச் சொன்னேன். "நல்லவேளைப்பா, நான் கார்டாவே எறங்கிட்டேன்" என்றார்.

இப்போது கிளப்பில் நூற்றுப்பத்துப் பேர். வேகத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று குழு. ஒவ்வொருவரின் முதுகுப் பையிலும் கட்டைவிரல் அளவு வாயு உருளை இருக்கிறது. டயரில் செருகித் திருகினால் சில விநாடிகளில் காற்று நிறைந்துவிடும். யாருக்கும் யார் பம்ப்பும் தேவையில்லை. காத்திருக்கவும் தேவையில்லை. யார் எங்கே வருகிறார்கள் என்று போனிலேயே புள்ளியாகத் தெரிகிறது. டீக்கடைக்கு முதலில் வருகிற ஏ குழு, சர்க்கரையில்லாத கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, பின்னால் வரும் புள்ளிகளுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. நான் சி குழு. சி குழுவிலும் கடைசிப் புள்ளி. கார்டைச் சந்தித்தபோது அவருக்கு இருந்த வயது இப்போது எனக்கு. அவர் விரும்பிப் பின்னால் வந்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பம்ப்பை நான் விடவில்லை. கார்பன் ஃபிரேமில் அதைக் கட்டியிருப்பதைப் பார்த்து, "அந்த வெயிட்டைக் கழட்டுனாலே ரெண்டு நிமிஷம் கொறையும் அங்கிள்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அட்டையையும் காட்டி ஒருத்தி கேட்டாள்: "எல்.வி.ன்னா என்ன அங்கிள், லோ வோல்டேஜா?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால், ஏ குழுவே மொத்தமாக ஓரத்தில் நின்றிருந்தது. ஒரு பையனுக்குப் பஞ்சர். டியூப் மாற்றியாயிற்று, ஆனால் வாயு உருளை புஸ்ஸென்று காற்றில் போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. பதற்றத்தில் மற்றவர்கள் கொடுத்தவையும் ஒவ்வொன்றாகப் போயின. வேறு யாரிடமும் மிச்சமில்லை. நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பதினாலு வருஷம் இந்த ஒரு காலைக்காகத்தான் மிதித்தேன் என்று தோன்றியது. மெல்ல இறங்கி, பேசாமல், ரப்பர் பட்டையை அவிழ்த்துப் பம்ப்பை எடுத்தேன். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் வீடியோ எடுத்தான். உட்கார்ந்து குழாயை வால்வில் வைத்தேன்.

பொருந்தவில்லை. இப்போதைய டியூப்களில் இருப்பது ஒல்லியான ஊசி வால்வு. கார்டின் பம்ப் பழைய கட்டை வால்வுக்கானது. என் சொந்த டயரில் இருப்பதும் ஊசி வால்வுதான். ஆறு வருஷமாக எனக்கே உதவாத பம்ப்பைச் சுமந்திருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பதினைந்து பேர், சவுக்கு நிழலில். இப்போது பேச்சு வரும், பழைய நாள் திரும்பும் என்று நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் எல்லாரும் கடிகாரத்தை நிறுத்துவதிலும், அது சராசரி வேகத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பதிலும் போனது. பிறகு எல்லாரும் போனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பையனும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம். லாரிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர். இதற்கு இங்கே என்ன வழி என்று நான் தயங்கினேன். கடைப் பையன் சைக்கிளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டப்பாவிலிருந்து பித்தளையில் விரல்நுனி அளவு ஒரு திருகை எடுத்து ஊசி வால்வின் மேல் மாட்டினான். அதை மாட்டினால் கட்டை வால்வுக்கான பம்ப்பும் பொருந்தும்.

"இது எப்படிப்பா உங்கிட்ட?"

"சண்டேன்னா இந்த ரோடு பூரா உங்க ஆளுங்கதான சார்."

இருபது ரூபாய் வாங்கினான். எனக்கும் அதே மாதிரி ஒன்று கேட்டேன், விலைக்குக் கொடுத்தான். பம்ப்போடு ஒரு நூலில் கட்டிவைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது பதினான்கு பேரில் இரண்டு பேர்தான் நிழலில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் பாக்கி இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம் போய்த் திரும்புவது, 90 கிலோமீட்டர். ஏ குழு ஐந்து மணிக்கு, சி குழு ஐந்தேகாலுக்கு. நான் நாலேகாலுக்கே தனியாகக் கிளம்பிவிடுவேன்.